நஷ்டத்துக்கு ஓர் எல்லை

2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், சீனச் சரக்குகளின்மீது நூற்றுக்கு நூறு கூடுதல் சுங்கவரி விதிக்கப் போவதாக அறிவித்தார். அவ்வறிவிப்பு வெளியானபோது நமது நாட்டில் நள்ளிரவு கடந்துவிட்டது. அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், உலகெங்குமுள்ள கிரிப்டோ நாணயச் சந்தைகளில் 1,900 கோடி டாலருக்கு மேற்பட்ட பேரங்கள் உரியவர்களைக் கேளாமலே முடித்துவைக்கப்பட்டன. அவ்விதம் முதலைப் பறிகொடுத்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர் என்று கணக்கிடப்பட்டது. பங்குச் சந்தைக்கு மாலையில் மணி அடித்துக் கதவு சாத்துவார்கள். விலை அளவு மீறி வீழ்ந்தால் வியாபாரத்தைச் சிறிது நேரம் நிறுத்தியும் வைப்பார்கள். கிரிப்டோ சந்தைக்கோ இரவுமில்லை, ஞாயிற்றுக்கிழமையுமில்லை, கதவுமில்லை. உறங்கப் போனபோது கையில் முதல் இருந்தவர்கள், விழித்தபோது அது இல்லையென்று கண்டார்கள்.

இவ்வியாபாரம் நல்லதா, கெட்டதா என்ற விவாதத்தை இன்று நாம் எழுப்பப் போவதில்லை. கோயமுத்தூரிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் சம்பளம் வாங்கும் இளைஞர்களும், சிறு கடைக்காரர்களும், கல்லூரி மாணவர்களுங்கூட இதில் ஈடுபட்டிருக்கிறார்கள் என்பது கண்கூடு. ஈடுபடுகிறவர்களுக்கு அதன் இயல்பை விளக்கிச் சொல்வதும், அவர்களை ஆளும் சட்டத்திலுள்ள கோணலைச் சுட்டிக் காட்டுவதும் பத்திரிகையின் கடமை என்பது நமது துணிபு.

இவ்வியாபாரத்தில் அடிபட்டுத் தேறியவர்கள் அனைவரும் ஒருமுகமாகக் கூறும் விதி ஒன்றுண்டு. எந்தப் பேரத்திலும் இறங்குமுன் மூன்று விலைகளை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். வாங்கும் விலை ஒன்று. கணக்குத் தவறினால் நஷ்டத்தோடு வெளியேறும் விலை ஒன்று. கணக்குப் பலித்தால் லாபத்தோடு வெளியேறும் விலை ஒன்று. இரண்டாவதை ஸ்டாப் லாஸ் என்று வழங்குகிறார்கள். நாம் நஷ்ட எல்லை என்போம். மூன்றாவது லாப இலக்கு. சொல்லுவது எளிது. ஆயினும் இம்மூன்றையும் எந்த வரிசையில் நிர்ணயிப்பது என்பதிலேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள்.

சாதாரணமாக நடப்பது என்ன? விலை ஏறுவதைக் கண்டு ஆசை பிறக்கிறது, உடனே வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பிறகு லாபத்தைக் கனவு காண்கிறார்கள். விலை இறங்கிய பிறகே நஷ்டத்தைப் பற்றிய யோசனை வருகிறது. இது தலைகீழ் முறை. முதலில் நிர்ணயிக்க வேண்டியது நஷ்ட எல்லையே. ஒருவன் ஒரு நாணயத்தை வாங்குவதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டுமல்லவா? "இவ்விலைக்குக் கீழே பல முறை இறங்காமல் தாங்கி நின்றிருக்கிறது, ஆகையால் இனி ஏறும்" என்பது அவனுடைய காரணமானால், அந்தத் தாங்கும் விலை உடைந்தபோது காரணமும் உடைந்துபோகிறது. நஷ்ட எல்லை அவ்விடத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். "ஐந்நூறு ரூபாய்தான் போகலாம்" என்று தன் மனத்தின் தைரியத்தை அளவுகோலாக வைத்து எல்லை போடுவது பிசகு. அவன் என்ன விலைக்கு வாங்கினான் என்பது சந்தைக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒரே நாளில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஏறி இறங்குவது பிட்காயினுக்கு அதிசயமன்று. சிறு நாணயங்கள் அதைவிட அதிகமாகவே ஆடும். அத்தகைய சந்தையில் நூற்றுக்கு ஒரு பங்கு தூரத்தில் எல்லை வைப்பவன், காற்றடிக்கும் இடத்தில் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு அணைந்துவிட்டதே என்று அழுபவனையே ஒப்பான்.

எல்லையை நிர்ணயித்த பிறகே எவ்வளவு வாங்குவது என்ற கேள்வி எழ வேண்டும். உதாரணமாக, ஒருவரிடம் 1,00,000 ரூபாய் முதல் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். எந்த ஒரு பேரத்திலும் முதலில் நூற்றுக்கு ஒரு பங்குக்குமேல், அதாவது 1,000 ரூபாய்க்குமேல், இழப்பதில்லை என்று அவர் தீர்மானிக்கிறார். நாணயம் ஒன்றின் விலை 100 ரூபாய். நஷ்ட எல்லை 95 ரூபாய். நாணயம் ஒன்றுக்கு 5 ரூபாய் போகக்கூடுமாகையால், அவர் வாங்கத் தக்கது 200 நாணயம். போடத் தக்க பணம் 20,000 ரூபாய். எல்லையை 90 ரூபாயில் வைக்க வேண்டியிருந்தால் 100 நாணயந்தான் வாங்கலாம். எல்லை தூரமாகப் போகப்போகக் கொள்முதல் குறைய வேண்டும். இந்தக் கணக்கில் ஆசைக்கு இடமில்லை. இதன் சிறப்பும் அதுவே.

இதன் பலனைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் பத்து முறை தொடர்ந்து தோற்றவனிடம் முதலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மிஞ்சியிருக்கும். பத்துப் பங்கு வீதம் பத்து முறை தோற்றவனிடம் முப்பத்தைந்து பங்குகூட மிஞ்சாது. நூற்றுக்குப் பத்து இழந்தவன் அதை மீட்க நூற்றுக்குப் பதினொன்று சம்பாதித்தால் போதும். பாதியை இழந்தவனோ இருப்பதை இரட்டிப்பாக்க வேண்டும். எண்பது பங்கை இழந்தவன் மிஞ்சியதை ஐந்து மடங்காக்க வேண்டும். பள்ளம் ஆழமாக ஆக, ஏறும் செங்குத்தும் அதிகமாகிறது.

லாப இலக்கு மூன்றாவது. நஷ்டத்தில் போகக்கூடியது 5 ரூபாய் என்றால், லாபத்தில் வரக்கூடியது 10 ரூபாயாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. அவ்விதமிருந்தால் மூன்று பேரங்களில் ஒன்று பலித்தாலும் முதல் மோசம் போகாது. ஆனால் மனித சுபாவம் இதற்கு நேர் விரோதமானது. கொஞ்சம் லாபம் கண்டவுடன் அது கைநழுவிப் போய்விடுமோ என்று அஞ்சி விற்றுவிடுகிறோம். நஷ்டம் கண்டால் எப்படியும் திரும்பி வரும் என்று நம்பி வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தச் சுபாவத்தை 1979-ம் வருஷத்திலேயே கானமென், ட்வெர்ஸ்கி என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். நூறு ரூபாய் வரும்போது உண்டாகும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் போகும்போது உண்டாகும் துயரம் பெரிது. அத்துயரத்தை ஒப்புக்கொள்ள மறுப்பதற்காக மனிதன் மேலும் ஆபத்தில் இறங்குகிறான். எல்லையை எழுதி வைத்துவிட்டு, விலை அதை நெருங்கும்போது இன்னும் கீழே தள்ளி வைப்பவன் எல்லையே இல்லாதவனைவிடக் கேடானவன். தன்னிடமே பொய்ச் சாட்சி சொல்பவன்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் கூறப்படும். "பிட்காயின் 2021-ம் வருஷம் நவம்பரில் ஏறக்குறைய 69,000 டாலர் வரையில் ஏறி, மறு வருஷம் நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே விழுந்தது. நஷ்ட எல்லை வைத்தவர்கள் வெளியேறினார்கள். வைக்காமல் பொறுத்திருந்தவர்களோ 2024-ம் வருஷம் டிசம்பரில் அது லட்சம் டாலரைத் தாண்டியதைக் கண்டார்கள். பொறுத்தவனல்லவோ ஜயித்தான்?" என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. பல வருஷங்களுக்குத் தேவைப்படாத பணத்தைக் கொண்டு வாங்கி, விலையையே பாராமல் வைத்திருப்பவன் வேறு ஜாதி. அவன் வியாபாரியல்ல, சேமிப்பவன். நாம் கண்டிப்பது, வாரத்தில் விற்பதற்கென்று வாங்கி, விலை இறங்கியதும் "நான் நீண்டகாலச் சேமிப்பாளன்" என்று வேஷம் மாற்றுகிறவனையே. அன்றியும் எல்லா நாணயமும் பிட்காயின் ஆகிவிடாது. 2022-ம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில் 80 டாலருக்கு மேல் விற்ற லூனா என்ற நாணயம், அம்மாதம் பாதி கழிவதற்குள் ஒரு சென்டில் ஒரு சிறு பின்னமாகியது. பொறுத்திருந்தவர்களுக்கு அங்கே மிஞ்சியது பொறுமை ஒன்றே.

எல்லையைக் குறித்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். நஷ்ட எல்லை ஒரு வேலியே யொழியக் கோட்டையன்று. எல்லை விலையைத் தொட்டவுடன் கிடைத்த விலைக்கு விற்றுவிடும்படி உத்தரவு கொடுக்கலாம். குறித்த விலைக்குக் குறையாமல் விற்கும்படியும் உத்தரவு கொடுக்கலாம். முதலாவதில் விற்பனை நிச்சயம், விலை நிச்சயமில்லை. 95-ல் விற்க நினைத்தது 88-ல் விற்றுப்போகலாம். இரண்டாவதில் விலை நிச்சயம், விற்பனை நிச்சயமில்லை. விலை ஒரே பாய்ச்சலாகத் தாண்டிப் போய்விட்டால் சரக்கு கையிலேயே தங்கிவிடும். அக்டோபர் 10-ந் தேதியைப் போன்ற நாட்களில் வாங்குவோர் மறைந்துவிடுகிறபடியால் இவ்விரண்டு சங்கடங்களும் ஒருங்கே நேருகின்றன.

அதைவிடப் பெரிய அபாயம் லெவரேஜ் என்னும் கடன் பலம். 10,000 ரூபாயைக் கட்டிவிட்டு, இருபது மடங்கு பலத்தில் 2,00,000 ரூபாய்ப் பேரம் பேசுகிறவனுக்கு, விலை நூற்றுக்கு ஐந்து எதிராகப் போனால் கட்டிய முதல் முழுவதும் போய்விடும். எக்ஸ்சேஞ்சுகள் தமது பத்திரத்துக்காக அதற்குச் சற்று முன்னதாகவே அவன் பேரத்தை முடித்துவிடும். அவன் 95-ல் வைத்த நஷ்ட எல்லை ஒருபோதும் வேலை செய்யப் போவதில்லை. அதற்கு முன்பே மற்றவர்கள் வைத்த எல்லை அவனை வெளியே தள்ளிவிடும். மேலே கூறிய 16 லட்சம் பேரில் அநேகருக்கு நேர்ந்த கதி இதுவே. தன் எல்லையைத் தானே நிர்ணயிக்கும் உரிமையைக் கடன் வாங்கியவன் இழந்துவிடுகிறான் என்பது இவ்வியாபாரத்துக்கு மாத்திரம் உரிய உண்மையன்று.

மற்றொரு கூட்டத்தைப் பற்றியும் எச்சரிக்காமலிருக்க முடியவில்லை. டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, "என்ட்ரி இவ்வளவு, ஸ்டாப் லாஸ் இவ்வளவு, டார்கெட் இவ்வளவு" என்று எண்களை அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். காரணம் கூறுவதில்லை, எவ்வளவு வாங்குவதென்றும் கூறுவதில்லை. இலக்குகளை மாத்திரம் ஒன்றுக்கு மூன்றாகக் கொடுப்பார்கள். விலை முதல் இலக்கைத் தொட்டுவிட்டு இறங்கினாலும் வெற்றி என்று பறை சாற்றுவார்கள். நஷ்ட எல்லையைத் தொட்டால் மௌனம் சாதிப்பார்கள். சிறு நாணயங்களில் குழுவின் தலைவர்கள் முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, சீடர்கள் வாங்குவதனால் ஏறும் விலையில் தாங்கள் விற்றுவிடுவதும் உண்டு. சீடருடைய பிரவேச விலையே குருவின் லாப இலக்காகிறது! பங்குகளைப் பற்றிக் கட்டணம் பெற்று ஆலோசனை கூறுவோர் செபியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். கிரிப்டோ ஆலோசனைக்கு அத்தகைய கட்டுப்பாடு நம் நாட்டில் இல்லை.

இனி, நமது சர்க்காரின் பங்கைக் கவனிப்போம். 2022-ம் வருஷத்துப் பைனான்ஸ் சட்டம், கிரிப்டோ லாபத்தின்மீது நூற்றுக்கு 30 வரி விதித்தது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்கலாகாது. ஒரு பேரத்தின் நஷ்டத்தை மற்றொரு பேரத்தின் லாபத்தில் ஈடு செய்யலாகாது. மறு வருஷத்துக்குக் கொண்டுபோகவுங் கூடாது. அன்றியும், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டால், ஒவ்வொரு விற்பனையிலும் விற்ற தொகையில் நூற்றுக்கு ஒன்று முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்படும். வரி உயர்ந்தது என்பது நமது குறையன்று. வரியின் அமைப்பே நமது குறை.

மேலே கூறிய கட்டுப்பாடுள்ள வியாபாரியையே எடுத்துக்கொள்வோம். அவர் பத்துப் பேரம் செய்கிறார். நான்கில் வெற்றி, தலைக்கு 2,000 வீதம் லாபம் 8,000 ரூபாய். ஆறில் தோல்வி, தலைக்கு 1,000 வீதம் நஷ்டம் 6,000 ரூபாய். கையில் நின்ற உண்மையான லாபம் 2,000 ரூபாய். சட்டம் அந்த 2,000-க்கு வரி கேட்கவில்லை, 8,000-க்குக் கேட்கிறது. நூற்றுக்கு 30-ம், அதன்மீது நூற்றுக்கு 4 செஸ்ஸும் சேர்த்து வரி 2,496 ரூபாய். ஆகவே 2,000 ரூபாய் சம்பாதித்தவர், எக்ஸ்சேஞ்சின் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமலே, 496 ரூபாய் நஷ்டத்தோடு வீடு திரும்புகிறார்! மூன்றில் ஒரு பேரம் பலித்தால் முதல் நிற்கும் என்றோமே. இவ்வரியின் கீழ் நூற்றுக்கு நாற்பத்திரண்டுக்கு மேல் பலித்தாலன்றி முதல் நிற்காது. நஷ்டத்தைச் சிறிதாக நறுக்கிக்கொள்ளும் விவேகிக்கு நஷ்டங்கள் அடிக்கடி வரும். ஆகையால் அவனுக்கே தண்டனை அதிகம். நஷ்டத்தில் விற்றால் வரியில் ஒரு சலுகையும் இல்லையாதலால், விற்காமல் பிடித்துக்கொண்டிருக்கும்படி சட்டமே மனிதனைத் தூண்டுகிறது. எந்தத் துர்ப்பழக்கத்தை விடும்படி நாம் இளைஞர்களுக்கு உபதேசிக்கிறோமோ, அதற்குச் சட்டம் உபகாரச் சம்பளம் கொடுக்கிறது.

சர்க்கார் தரப்பில் என்ன சமாதானம் கூறலாம்? இது சூதாட்டமே என்று ரிஸர்வ் பாங்கின் கவர்னராயிருந்த சக்திகாந்த தாஸ் 2023-ம் வருஷம் ஜனவரியில் கூறினார். லாட்டரிப் பரிசுக்கும் நூற்றுக்கு 30 வரிதான். ஜனங்களை இதிலிருந்து விலக்குவதற்காகவே கடுமை என்று வாதிக்கலாம். அப்படியானால் பார்லிமெண்டு சட்டம் இயற்றித் தடுக்கட்டும், அதற்கு அதிகாரமுண்டு. 2018-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி ரிஸர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கையினால் பாங்குகளின் கதவை அடைத்தபோது, சுப்ரீம் கோர்ட்டு 2020-ம் வருஷம் மார்ச் 4-ந் தேதி அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நமது மாகாணத்தைச் சேர்ந்த நீதிபதி ராமசுப்பிரமணியன். பாங்குகளுக்கு இதனால் விளைந்த தீங்கு இன்னதென்று காட்டாமல் இவ்வளவு கடுமையான நடவடிக்கை எடுப்பது அளவுக்கு மிஞ்சியதென்பதே அத்தீர்ப்பின் சாரம். 2025-ம் வருஷம் அக்டோபரில் சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்தே என்றும், அதைப் பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக் கூடுமென்றும் தீர்ப்பளித்தார். நீதிஸ்தலத்தில் சொத்து, வரி ஆபீசில் லாட்டரிச் சீட்டு! ஒரே பொருளுக்கு இரண்டு முகம் இருப்பது நியாயமன்று.

இதன் விளைவும் விபரீதமானது. உள்நாட்டு எக்ஸ்சேஞ்சுகளில் ஒவ்வொரு விற்பனைக்கும் நூற்றுக்கு ஒன்று பிடித்துக்கொள்வதைக் கண்டவர்கள் அந்நிய நாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஓடினார்கள். சட்டத்துக்குக் கட்டுப்படாமல் இயங்கிய அத்தகைய ஒன்பது ஸ்தாபனங்களுக்கு 2023-ம் வருஷம் டிசம்பரில் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்நிய ஸ்தாபனம் முறிந்தால் எவ்வளவு பரிகாரம் கிடைக்கும் என்பதை, 2022-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி எப்.டி.எக்ஸ். திவாலானபோது உலகம் கண்டது. அதன் தலைவருக்கு 2024-ம் வருஷம் மார்ச்சில் 25 வருஷச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. உள்நாட்டிலும் நிம்மதியில்லை. 2024-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. அங்கே வியாபாரம் மறுபடி தொடங்கியது 2025-ம் வருஷம் அக்டோபரில்தான். பதினைந்து மாதம் பெட்டி பூட்டிக் கிடக்கையில், பெட்டிக்குள் வைத்த நஷ்ட எல்லையால் யாருக்கு என்ன பயன்?

ஆகையால் சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கிரிப்டோ நஷ்டத்தைக் கிரிப்டோ லாபத்திலாவது ஈடு செய்துகொள்ள அனுமதிக்க வேண்டும். பங்குகளில் மூலதன நஷ்டத்தை எட்டு வருஷம் வரையில் கொண்டுபோக இடமளிக்கும் சட்டம், இங்கே ஒரு நாள்கூட இடமளிக்காதது முறையன்று. விற்பனையில் பிடிக்கும் வரி கணக்குத் தெரிந்துகொள்வதற்கே என்றால், அதற்கு நூற்றுக்கு ஒன்று வேண்டியதில்லை. மிகச் சிறு விகிதமே போதும். இரண்டாவது, ஜனங்களின் நாணயங்களை எக்ஸ்சேஞ்சுகள் தமது சொந்தச் சொத்தோடு கலவாமல் தனியே வைத்துக் காக்கும்படி கண்காணிக்க ஓர் அதிகார ஸ்தாபனம் ஏற்பட வேண்டும். 2023-ம் வருஷம் மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன; அது கள்ளப் பணத்தைப் பிடிக்க உதவும், நல்ல பணத்தைக் காக்க உதவாது. மூன்றாவது, கட்டணம் வாங்கி ஆலோசனை கூறுவோரையும், கடன் பலத்தை விளம்பரம் செய்வோரையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும்.

நமது நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-22 முதல் மூன்று வருஷங்களில், பங்குச் சந்தையின் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பேரங்களில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள் என்றும், அவர்கள் இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபி கணக்கிட்டிருக்கிறது. பிட்காயின் வாங்கியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நஷ்டமடைந்திருக்கக் கூடுமென்று சர்வதேச செட்டில்மெண்ட் பாங்கின் ஆராய்ச்சியாளர்கள் 2022-ம் வருஷத்தில் மதிப்பிட்டார்கள். இவர்கள் எல்லாரும் மூடர்களல்லர். நம்மைப்போல் ஆசையும் நம்பிக்கையும் உள்ளவர்களே. இறங்காமலிருப்பது உத்தமம். இறங்கத்தான் வேண்டுமென்றால், வீட்டு வாடகையையும் குழந்தையின் பள்ளிக் கட்டணத்தையும் தொடாதீர்கள். கடன் பலத்தை நாடாதீர்கள். முதல் முழுவதையும் ஒரே எக்ஸ்சேஞ்சில் வைக்காதீர்கள். வாங்குமுன் மூன்று விலைகளையும், அவற்றுக்குரிய காரணத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எழுத வரவில்லையென்றால், வாங்க வேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

எவ்வளவு லாபம் வரும் என்பது சந்தையின் கையிலிருக்கிறது. எவ்வளவு பணத்தைப் பணயமாக வைப்பது என்பது மாத்திரம், களத்தில் இறங்குவதற்கு முந்திய ஒரு கணத்தில், நம் கையிலிருக்கிறது. அந்த ஒரு கணத்து உரிமையை ஜனங்கள் ஆசைக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம். அதை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவனைச் சர்க்காரும் தண்டிக்க வேண்டாம்.